ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு டொக்குமென்ரேஷன் எழுதுவது: எதிலிருந்து திருத்தத் தொடங்கலாம்?

கோண்டாவில்காரி எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய மென்பொருள் கொம்பனியில் வேலை செய்கிறேன். கடைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் இருப்புக் கணக்குப் பார்க்கிற ஒரு சேவை எங்களுடையது. அதை மற்றவர்கள் தங்கள் மென்பொருளோடு இணைக்க ஒரு ஏபிஐ இருக்கிறது, அதன் டொக்குமென்ரேஷன் இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. எழுதியவர்கள் நல்ல ஆங்கிலம் தெரிந்தவர்கள், இலக்கணப் பிழை என்று ஒன்றும் காண முடியாது. ஆனால் வாசிக்கிறவர்கள் யார் என்று பார்த்தால் நோர்வேயில் ஒரு ரீம், ஜேர்மனியில் ஒரு ரீம், வியட்நாமில் சிலர், அப்புறம் இங்கே எங்களோடு புதிதாகச் சேருகிற பிள்ளைகள், அதாவது உயர்தரம் வரை தமிழிலேயே படித்துவிட்டுக் கம்பஸுக்குப் போன பிறகுதான் பாடம் முழுவதையும் ஆங்கிலத்தில் சந்தித்தவர்கள். ஒருவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை.

ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில் டொக்குமென்ரேஷனிலேயே இருக்கிறது, அந்தப் பந்தியை அனுப்பினால் "வாசித்தோம், ஆனால் அப்படி விளங்கவில்லை" என்று எழுதுகிறார்கள். எங்கள் லீட் சொல்வது, தொழில்நுட்பச் சொற்கள் கஷ்டமாக இருக்கும், கடைசியில் ஒரு சொல்விளக்கப் பட்டியல் போட்டுவிட்டால் சரி என்று. எனக்கு அது காரணமாகப் படவில்லை. ரோக்கன் (சேவைக்குள் நுழையக் கொடுக்கிற தற்காலிக அனுமதிக் குறி), கேஷ் (தற்காலிகச் சேமிப்பு), எண்ட்பொயின்ற் (ஏபிஐயை அழைக்கிற முகவரி) என்கிற சொற்களில் இதுவரை ஒருவரும் சிக்கவில்லை. சிக்குகிற இடம் இந்த மாதிரி வசனங்கள்:

"சின்ஸ் ரோக்கன்ஸ் எக்ஸ்பயர் ஆஃப்ரர் 15 மினிற்ஸ், யூ மே வோன்ற் ரு ரிஃப்ரெஷ் தெம் பிஃபோர் கிக்கிங் ஓஃப் எ லோங் ஜொப், விச் கான் ஃபெயில் சைலன்ற்லி அதர்வைஸ்."

சொல்ல வந்தது, ரோக்கன் 15 நிமிடத்தில் காலாவதியாகும், ஆகவே நீண்ட வேலையைத் தொடங்க முதல் அதைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை சத்தமில்லாமல் பிழைத்துப்போகலாம் என்பது. இதை ஒருவர் "விரும்பினால் செய்யலாம்" என்று எடுத்துக்கொண்டார். இன்னொருவர் 15 நிமிடம் பொறுத்திருந்துவிட்டுத்தான் புதுப்பிக்க வேண்டும் என்று விளங்கிக்கொண்டார். இப்படி வசனங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. சொற்களை இலகுவாக்கினால் மட்டும் போதுமா, அல்லது இங்கேயுள்ள பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு பிரதி செய்வது நல்லதா? இதைச் செய்த அனுபவம் உள்ள அண்ணைமார், அக்காமார் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.


அரியாலை_வெளி எழுதியது:

தங்கச்சி, நீங்கள் நினைப்பது சரி. பெரிய தொழில்நுட்பச் சொல் ஒருவரையும் நிறுத்தாது, தெரியாத சொல் என்று கண்டவுடனேயே தேடிப் பார்ப்பார்கள், விடையும் கிடைத்துவிடும். சின்னச் சொற்களைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தெரிந்த சொல்தானே என்று பிழையான பொருளோடு கடந்து போய்விடுவார்கள், சந்தேகமே வராது.

உங்கள் வசனத்தையே எடுப்போம். முதலாவது சின்ஸ். பள்ளிக்கூடத்தில் அதை எங்களுக்குக் காலத்தைக் காட்டத்தான் முதலில் படிப்பித்தார்கள், இன்ன ஆண்டு தொடக்கம் என்கிற பொருளில். காரணத்தைக் காட்டுகிற சின்ஸ் பிறகுதான் வருகிறது. இந்த வசனத்தில் பக்கத்திலேயே 15 நிமிடம் என்று ஒரு காலக்கணக்கும் நிற்கிறது, ஆகவே 15 நிமிடம் பொறுத்திருந்தவரைக் குறை சொல்லவே முடியாது. பிகோஸ் என்று எழுதினால் இந்தச் சந்தேகம் வராது. வன்ஸ் (ஒருதடவையா, அதற்குப் பிறகா), வைல் (அதே நேரத்திலா, ஆனாலுமா), மே (அனுமதியா, நடக்கக்கூடியதா) எல்லாம் இதே வகை.

அடுத்தது "யூ மே வோன்ற் ரு". ஆங்கிலத்தை வீட்டில் பேசி வளர்ந்தவருக்கு அது மரியாதையாகச் சொன்ன கட்டளை. மற்றவர்களுக்கு அதில் இருக்கிறது ஒரு விருப்பம். செய்யாவிட்டால் வேலை பிழைக்கும் என்றால் மரியாதைக்கு அங்கே இடமில்லை, செய் என்று எழுத வேண்டும். கிக்கிங் ஓஃப் என்பதை அகராதியில் தேடினால் உதைப்பது என்று வரும், ஸ்ரார்ற் என்ற நல்ல சொல் இருக்கும்போது அது எதற்கு? இன்னும் இருக்கிறது. அந்த விச் எதைக் குறிக்கிறது, வேலையையா, புதுப்பிப்பதையா? கடைசியில் வருகிற அதர்வைஸ், வசனத்தின் நடுவில் இருக்கிற புதுப்பிக்கிற விசயத்தைத் திரும்ப ஞாபகப்படுத்திப் பார்க்கச் சொல்கிறது. ஒரு வசனத்துக்குள் வாசிக்கிறவர் இவ்வளவையும் அவிழ்க்க வேண்டும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஈச் ரோக்கன் எக்ஸ்பயர்ஸ் ஆஃப்ரர் 15 மினிற்ஸ். பிஃபோர் யூ ஸ்ரார்ற் எ லோங் ஜொப், கெற் எ நியூ ரோக்கன். இஃப் த ரோக்கன் எக்ஸ்பயர்ஸ் பிஃபோர் த ஜொப் என்ட்ஸ், த ஜொப் ஸ்ரொப்ஸ். த சேர்வர் டஸ் நொற் சென்ட் அன் எரர் மெசேஜ்."

இதை எழுதி முடித்த பிறகுதான் எனக்கு ஒரு விசயம் உறைத்தது. லோங் என்றால் எவ்வளவு? 20 நிமிடம் ஓடுகிற ஒரு வேலையைப் புத்தம்புது ரோக்கனோடு தொடங்கினாலும் நடுவில் அது காலாவதியாகத்தானே போகிறது? அப்படியானால் உங்கள் டொக்குமென்ரேஷன் சொல்கிற வழி 15 நிமிடத்துக்கு உட்பட்ட வேலைக்கு மட்டும்தான் பொருந்தும், அதற்கு மேலே போனால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கேயும் இல்லை. மற்றது, சைலன்ற்லி என்றால் என்ன? லொக்கில் கூட வராதா? பதிலில் 200 (எல்லாம் சரி என்கிற குறி) என்று வருமா? இந்தக் கேள்விகளை உங்கள் சேர்வர் எழுதுகிறவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். நான் பார்த்த அளவில் பாதி இடங்களில் வசனம் குழம்பியிருப்பது அதற்குள்ளே இருக்கிற விசயத்தை ஒருவரும் முடிவாகச் சொல்லாததால்தான், மொழியைத் திருத்தப் போகும்போது அது வெளியே வந்துவிடும்.


வடமராட்சி_விமானம் எழுதியது:

நான் மென்பொருள்காரன் இல்லை, கட்டாரில் விமானப் பராமரிப்பில் கனகாலம் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவன். தங்கச்சி கேட்கிற விசயத்துக்கு விமானத்துறையில் ஒரு முழுத் தராதரமே இருக்கிறது, பார்த்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

பெயர் எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலம், ஏஎஸ்டி எஸ்ரிஈ 100 என்று தேடினால் வரும். பராமரிப்புக் கைநூல்களை வாசித்து விமானத்தைத் திருத்துகிறவர்களில் கனபேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதால் 1970களின் கடைசியில் ஐரோப்பாவில் இந்த வேலையைத் தொடங்கினார்கள், 1986இல் முதல் கைநூல் வந்தது, இப்போதுள்ள பெயர் 2005இல் வந்தது. இலவசமாகவே கேட்டு எடுக்கலாம். அதில் இரண்டு பகுதி: எழுதுகிற விதிகள், அப்புறம் அனுமதிக்கப்பட்ட சொற்களின் அகராதி, கிட்டத்தட்ட 900 சொல். முக்கியமான விதி, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். உதாரணமாக ஃபொலோ என்றால் பின்னால் வருவது மட்டும். அறிவுறுத்தலின்படி நட என்ற பொருளில் அதை எழுதக்கூடாது, அதற்கு ஒபே என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். ரெஸ்ற் என்பது பெயர்ச்சொல்லாக மட்டும் வரும், வினையாக வராது, ஆகவே "ரெஸ்ற் த பம்ப்" என்று எழுதாமல் "டூ எ ரெஸ்ற்" என்று எழுதுவார்கள்.

செய்முறை வசனம் 20 சொல்லுக்கு மேலே போகக்கூடாது, விளக்க வசனம் 25. ஒரு வசனத்தில் ஒரு செயல். பெயர்ச்சொற்களை மூன்றுக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கக்கூடாது. யார் செய்வது என்று தெரியாத செயப்பாட்டு வினை செய்முறையில் வரக்கூடாது, ஏனென்றால் "வால்வ் மூடப்படும்" என்று எழுதினால் தானாக மூடுமா, நான் மூட வேண்டுமா என்று தெரியாமல் ஒருவர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பார்.

அந்த அகராதியை அப்படியே மென்பொருளுக்கு எடுக்க முடியாது, அது விமானத்துக்குச் செய்தது. ஆனால் அவரவர் துறையின் பெயர்களையும் வினைகளையும் சேர்த்துக்கொள்ள அந்தத் தராதரமே இடம் விடுகிறது. நீங்கள் செய்ய வேண்டியது உங்கள் கொம்பனிக்கு ஒரு பட்டியல். ரிமூவ், டிலீற், ட்ரொப், கிளியர், பேர்ஜ் எல்லாம் உங்கள் பக்கங்களில் ஒரே பொருளில் வருகிறதா, வேறு வேறு பொருளிலா என்று பாருங்கள். ஒரே பொருள் என்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடக் கட்டுரையில் ஒரே சொல் திரும்ப வந்தால் ரீச்சர் சிவப்புக் கோடு போடுவார். கைநூலில் ஒரே பொருளுக்கு ஒரே சொல்தான் வர வேண்டும், சொல் மாறினால் வாசிக்கிறவர் பொருளும் மாறிவிட்டது என்றுதான் நினைப்பார்.


சுண்டிக்குளி_கீபோர்ட் எழுதியது:

மேலே சொன்னதில் பெரும்பாலானது சரி, ஆனால் ஒரு விசயத்தில் எனக்கு உடன்பாடில்லை. 20 சொல், 25 சொல் என்று கணக்கு வைத்தால் எங்கள் ஆட்கள் முதலில் செய்வது சின்னச் சொற்களை வெட்டுவதுதான். "வெரிஃபை தற் த சேர்வர் ரிற்றேன்ஸ்" என்று இருந்ததில் தற்றையும் த என்பதையும் எடுத்துவிட்டு "வெரிஃபை சேர்வர் ரிற்றேன்ஸ்" என்று போடுவார்கள். இப்போது ரிற்றேன்ஸ் பெயரா, வினையா? சேர்வர் திருப்பி அனுப்பியவற்றைச் சரிபார்க்கவா, சேர்வர் அனுப்புகிறதா என்று சரிபார்க்கவா? அந்த தற் என்ற சொல் இருந்தபோது இந்தக் கேள்வியே வரவில்லை. கூகிளின் டெவலப்பர் எழுத்து வழிகாட்டியும் உலகளாவிய வாசகர்களுக்கு எழுதும்போது இந்தச் சொற்களை விடாதே என்றுதான் சொல்கிறது. வசனத்தைச் சுருக்குவதென்றால் இரண்டாக உடையுங்கள், உள்ளே இருக்கிற இணைப்புகளைப் பிடுங்காதீர்கள்.

அதே வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த விதி, நிபந்தனை முன்னால், செயல் பின்னால். "பழைய இன்டெக்ஸை டிலீற் செய்யுங்கள், பக்கப் எடுத்திருந்தால்" என்கிற ஒழுங்கில் எழுதாமல் "பக்கப் எடுத்திருந்தால் டிலீற் செய்யுங்கள்" என்று எழுதுவது. செய்முறையை ஒருவரும் முழுதாக வாசித்துவிட்டுச் செய்வதில்லை, ஒவ்வொரு துண்டாக வாசித்துக்கொண்டே கொமாண்டைப் போட்டுக்கொண்டு போவார்கள், நிபந்தனை கடைசியில் இருந்தால் அதற்குள் டிலீற் நடந்து முடிந்துவிடும். தமிழில் இயல்பாகவே நிபந்தனை முன்னால்தான் வரும், யப்பானிய மொழியிலும் அப்படியே, ஆகவே இந்த ஒழுங்கு எங்களுக்கும் அவர்களுக்கும் சுகம், ஆங்கிலக்காரருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

அண்ணை சொன்ன அந்தப் பெயரடுக்கு விசயத்தையும் மொழியோடு சேர்த்துப் பாருங்கள். "ஸ்ரொக் அட்ஜஸ்ற்மென்ற் அப்ரூவல் ரைம்அவுற்" என்றால் தமிழருக்கோ ஜேர்மன்காரருக்கோ பெரிய பிரச்சினை இல்லை, எங்கள் மொழிகளிலும் முக்கியமான பெயர் கடைசியில்தான் வரும். வியட்நாமிய மொழியில் விவரிக்கிற சொல் பெயருக்குப் பின்னால் வருவது, அவர்கள் முழு அடுக்கையும் தலைகீழாகத் திருப்ப வேண்டும். எங்களுக்கு விளங்குகிறது என்பதை வைத்து எல்லோருக்கும் விளங்கும் என்று எடுக்கக்கூடாது.

அப்புறம் ஷுட். டொக்குமென்ரேஷனிலேயே ஆகக் கூடுதலாகக் கஷ்டம் தருகிற சொல் என்று இதைத்தான் சொல்வேன். "யூ ஷுட் சீ எ மெசேஜ்" என்பது எதிர்பார்ப்பு, "யூ ஷுட் ரீஸ்ரார்ற்" என்பது ஆலோசனை, "த வலியூ ஷுட் பி பிலோ 100" என்பது கட்டாயம், மூன்றுக்கும் ஒரே சொல். இணைய நெறிமுறைகளை எழுதுகிறவர்கள் இந்தக் குழப்பத்துக்காகவே 1997இல் ஆர்எஃப்சி 2119 என்று ஒரு ஆவணம் போட்டு மஸ்ற், ஷுட், மே மூன்றுக்கும் பொருளை வரையறுத்தார்கள், பிறகு 2017இல் ஆர்எஃப்சி 8174 வந்து, முழுவதும் பெரிய எழுத்தில் எழுதினால் மட்டும்தான் அந்தப் பொருள் என்று தெளிவாக்கியது. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். கட்டாயம் என்றால் மஸ்ற், ஆலோசனை என்றால் "வீ ரெக்கமண்ட்", எதிர்பார்ப்பு என்றால் "த சேர்வர் ஷோஸ்" என்று நேரடியாக எழுதுங்கள், ஷுட் என்ற சொல்லையே தடை செய்துவிடுங்கள்.


கோண்டாவில்காரி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அரியாலை அண்ணை சொன்னபடி சேர்வர் எழுதுகிறவரிடம் போய்க் கேட்டேன். வேலை ஓடும்போது பதிவுகளை 500, 500ஆகப் பிரித்து அனுப்புகிறதாம், ஒவ்வொரு தொகுதிக்கும் ரோக்கனைச் சரிபார்க்கிறதாம், நடுவில் காலாவதியானால் மிச்சத் தொகுதிகளைக் கைவிட்டுவிட்டு வேலையின் நிலையை "கொம்ப்ளீற்றட்" என்றே காட்டுகிறதாம்! அந்த சைலன்ற்லி என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது. நோர்வேக்காரர் "இருப்பு எண்ணிக்கை பாதிதான் வந்திருக்கிறது" என்று எழுதிய பழைய மெயில்களின் காரணமும் இதுதான். இப்போது அதை ஒரு பிழை என்று பதிந்து, 401 (அனுமதி செல்லாது என்கிற பிழைக் குறி) திருப்பி அனுப்பும்படி மாற்றப் போகிறார்கள். மாற்றும்வரை டொக்குமென்ரேஷனில் வேலை முடிந்ததும் அனுப்பிய எண்ணிக்கையையும் பதிவான எண்ணிக்கையையும் ஒப்பிடச் சொல்லி எழுதுகிறேன்.

இன்னொரு கேள்வி. திருத்திய பக்கங்களை எங்கள் புதுப் பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்தேன், எல்லோரும் "ஓம் அக்கா, விளங்குது" என்கிறார்கள். பழைய பக்கத்துக்கும் அதையேதான் சொன்னார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?


திருநெல்வேலி_டெமோ எழுதியது:

கம்பஸில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு லாப் எடுக்கிறேன், இந்த "ஓம், விளங்குது" எனக்கு நன்றாகப் பழக்கம். எங்கள் ஊரில் மூத்தவர் ஒருவர் விளங்கியதா என்று கேட்டால் இல்லை என்று சொல்வது அவரையே குறை சொன்ன மாதிரி, ஆகவே ஒரு பிள்ளையும் சொல்லாது. அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள் தங்கச்சி. பக்கத்தைக் கொடுத்து, வேலையைச் செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் இருங்கள். எங்கே மேலே உருட்டித் திரும்ப வாசிக்கிறார்கள், எந்த இடத்தில் போனை எடுத்து ஒரு சொல்லைத் தேடுகிறார்கள், எந்தக் கொமாண்டை விளங்காமலேயே கொப்பி செய்து போடுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உதவி செய்ய மனம் வரும், செய்யக்கூடாது.

செய்து பார்க்க முடியாத விளக்கப் பந்திகளுக்கு "இப்படி நடந்தால் சேர்வர் என்ன செய்யும்?" என்று கேளுங்கள். உங்கள் ரோக்கன் பந்திக்கு, "வேலை 10ஆவது நிமிடத்தில் இருக்கும்போது ரோக்கன் முடிந்தால் என்ன தெரியும்?" என்று கேட்டால் பிள்ளைக்கு எந்தளவு விளங்கியது என்று உடனே தெரிந்துவிடும். தமிழில் பதில் சொல்லவும் விடுங்கள். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் உங்கள் வசனத்தையே திருப்பி ஒப்புவிப்பார்கள், அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

தமிழ்ப் பிரதி பற்றி நீங்கள் முதலில் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். தமிழில் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்ரர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் படிப்பித்து, உடற்கூற்று நூல்களைத் தமிழில் கொண்டுவந்து, மருத்துவக் கலைச்சொற்களையும் தொகுத்தார். அந்த வழி எங்கள் மண்ணில் புதிதில்லை. ஆனால் மனித எலும்பு அன்றும் இன்றும் ஒன்றுதான், உங்கள் ஏபிஐ மாதாமாதம் மாறுகிறது. ஆங்கிலப் பக்கம் மாறித் தமிழ்ப் பக்கம் மாறாமல் நின்றால், தமிழை நம்பி வாசித்த பிள்ளைதான் பிழையான இடத்தில் போய் நிற்கும். இணையத் தொழில்நுட்பங்களுக்கு டொக்குமென்ரேஷன் தருகிற எம்டிஎன் போன்ற பெரிய தளமே பராமரிக்க ஆட்கள் இல்லாத பல மொழிப் பிரதிகளைக் கைவிட்டு, உழைக்கிற குழு இருக்கிற சில மொழிகளை மட்டும் வைத்துக்கொண்டது.

ஆகவே மாறாத பகுதியைத் தமிழில் எழுதுங்கள். இருப்புக் கணக்கு எப்படி ஓடுகிறது, ரோக்கன் என்றால் என்ன, ஒரு வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை என்னென்ன நிலைகளைக் கடக்கிறது. இப்படியானவை வருடக்கணக்கில் மாறாது, பிள்ளைகளுக்கு ஆகக் கூடுதலாகத் தேவைப்படுவதும் இந்த அடித்தளம்தான். எண்ட்பொயின்ற் பட்டியலும் பராமீற்றர்களும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், அவற்றில் மொழிப் பிரச்சினை குறைவு. தமிழில் எழுதும்போது ரோக்கனை ரோக்கன் என்றே எழுதுங்கள், ஏனென்றால் பிள்ளை நாளைக்கு எரர் மெசேஜில் காணப்போவது அந்தச் சொல்லைத்தான்.


இணுவில்_72 எழுதியது:

ஒருவரும் தொடாத ஒரு பக்கம். உங்கள் வாசகர்களில் கனபேர் உங்கள் ஆங்கிலத்தை வாசிக்கவே மாட்டார்கள், பிறவுசரில் மொழிபெயர்ப்பை அழுத்திவிட்டு வியட்நாமியத்திலோ ஜேர்மனிலோ வாசிப்பார்கள். மேலே எல்லோரும் சொன்ன திருத்தங்கள் அந்த இயந்திரத்துக்கும் உதவும், மனிதர் தடுமாறுகிற சின்ஸிலும் விச்சிலும்தான் அதுவும் தடுமாறும். ஆனால் இதற்கென்று தனியாகச் சில வேலைகள் இருக்கின்றன.

படங்களுக்குள் எழுத்து வைக்காதீர்கள். அம்புக்குறி போட்டு "கிளிக் ஹியர்" என்று எழுதிய ஸ்கிரீன்ஷொற்றைப் பிறவுசர் மொழிபெயர்க்காது, அதில் இருக்கிற அறிவுறுத்தல் வேறெங்கும் இல்லை என்றால் அந்த வாசகர் அதை இழந்துவிட்டார். கொமாண்ட், ஃபைல் பெயர், பராமீற்றர் பெயர் எல்லாவற்றையும் கோட் வடிவத்தில் போட்டு, மொழிபெயர்க்க வேண்டாம் என்று எச்ரிஎம்எல்லில் குறித்துவிடுங்கள், அதற்கு ட்ரான்ஸ்லேற் என்று ஒரு பண்பு இருக்கிறது, நோ என்று கொடுத்தால் போதும். இல்லாவிட்டால் "ஓர்டர்" என்கிற பராமீற்றர் பெயரே வாசகரின் மொழிக்கு மாறி நிற்கும், அவர் அதைக் கொப்பி செய்து போட்டு எரர் எடுப்பார்.

எரர் மெசேஜ்களுக்கு இலக்கம் கொடுங்கள். அது எந்த மொழியிலும் மாறாது, அதைத் தேடினால் நேராக உங்கள் பக்கத்துக்கு வரலாம். டொக்குமென்ரேஷனில் அந்த மெசேஜை ஒரு எழுத்தும் மாறாமல் அப்படியே போட வேண்டும், சிலர் அழகுபடுத்தி வேறு சொற்களில் எழுதுகிறார்கள், அப்படிச் செய்தால் தேடுகிறவருக்கு அகப்படாது.

திகதி. 03/04 என்று எழுதினால் எங்களுக்கும் நோர்வேக்காரருக்கும் ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. ஐஎஸ்ஓ 8601 முறையில் ஆண்டு, மாதம், நாள் என்று 2025-04-03 போல எழுதுங்கள். எண்களிலும் கவனம், ஜேர்மனியிலும் நோர்வேயிலும் தசமத்துக்குக் கொமாதான், 1,500 என்றால் அவர்கள் ஒன்றரை என்று வாசிக்க இடமுண்டு, இருப்புக் கணக்கில் அது பெரிய வித்தியாசம். நேரத்தை யூரிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் சொல்லுங்கள். எங்கள் நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி முன்னால், அந்த அரை மணியை வெளிநாட்டார் கனபேர் எதிர்பார்ப்பதில்லை.


கோண்டாவில்காரி எழுதியது:

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் நான் மட்டும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, எட்டுப்பத்துப் பேர் பக்கங்களில் கை வைக்கிறார்கள். தானாகச் சரிபார்க்கிற கருவி ஏதும் இருக்கிறதா? லீட் இப்போது ஓரளவு மனம் மாறியிருக்கிறார், அந்த 500 பதிவு விசயம் வெளியே வந்த பிறகு.


அரியாலை_வெளி எழுதியது:

வேல் என்று ஒரு திறந்த மூலக் கருவி இருக்கிறது, கோட்டைச் சரிபார்க்கிற லின்ரர் மாதிரி இது வசனங்களைச் சரிபார்க்கும். கூகிள், மைக்ரோசொஃப்ற் எழுத்து வழிகாட்டிகளின் விதிகள் அதற்குத் தயாராகக் கிடைக்கின்றன, ஆனால் இரண்டையும் முழுதாகப் போட்டால் பக்கம் நிறைய எச்சரிக்கை வந்து எல்லோரும் களைத்துப்போவார்கள். சொந்தமாக ஒரு சின்ன விதித் தொகுதி எழுதுங்கள்: சின்ஸ், வன்ஸ், ஷுட், மே வோன்ற் ரு, உங்கள் கொம்பனியில் அடிக்கடி வருகிற கிக் ஓஃப், ஸ்பின் அப் மாதிரி வினைகள், அப்புறம் வடமராட்சி அண்ணை சொன்ன அந்த டிலீற், பேர்ஜ் பட்டியல். 25 சொல்லைத் தாண்டுகிற வசனத்துக்கு ஒரு விதி. அவ்வளவு போதும் தொடக்கத்துக்கு. விச் எதைக் குறிக்கிறது என்றோ, 20 நிமிட வேலைக்கு என்ன நடக்கும் என்றோ எந்தக் கருவியும் கேட்காது, அதற்கு இன்னொருவர் வாசிக்கத்தான் வேண்டும். முடிந்தால் அந்தப் பகுதியை எழுதாத ஒருவராக இருக்கட்டும்.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதற்கு உங்கள் மெயில் பெட்டியே வழிகாட்டும். யாருக்காவது "இந்தப் பந்தியைப் பாருங்கள்" என்று லிங்க் அனுப்பிய மெயில்களைத் தேடுங்கள், எந்த லிங்க் ஆகக் கூடுதலாகப் போயிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் முதலாவது. மற்றது, வேலில் சஜெஷன், வோர்னிங், எரர் என்று மூன்று நிலை இருக்கிறது. எல்லா விதியையும் முதலில் வோர்னிங்கில் வையுங்கள். எடுத்த எடுப்பிலேயே எரர் என்று வைத்து மேர்ஜையே (மாற்றத்தைச் சேர்ப்பதையே) மறித்தால், அவசரத்தில் ஒரு சின்னத் திருத்தம் போட வந்தவர் பழைய பந்திகளையும் சேர்த்துத் திருத்த வேண்டிவரும், அதற்குப் பிறகு ஒருவரும் டொக்குமென்ரேஷன் பக்கமே வர மாட்டார்கள். பழைய பக்கங்கள் துப்புரவாகத் துப்புரவாக ஒவ்வொரு விதியாக எரருக்கு ஏற்றலாம்.